லாக் என்னும் மரக்கட்டை

ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பல குழுக்களின் நிரலில், செயலி கண்விழிக்கும் இடத்திலேயே வினோதமான ஒரு கட்டளை நிற்கும்: ‘டிம்பர், ஒரு மரம் நடு.’ ஜேக் வார்ட்டன் என்ற நிரலாளர் திறமூலமாக வெளியிட்ட நூலகம் டிம்பர். வெட்டுமரம் என்று பொருள். மரம் சாயும் நேரத்தில் கீழே நிற்பவர்களை எச்சரிக்க மரம் வெட்டுகிறவர் கூவுவதும் இதே சொல்தான். செயலி எழுதும் குறிப்புகள் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதிக்கு அந்த நூலகம் வைத்த பெயர் ‘ட்ரீ’. அதைச் சேர்ப்பதற்கு ‘பிளாண்ட்’, பிடுங்குவதற்கு ‘அப்ரூட்’, நட்டவை எல்லாம் சேர்ந்தால் ‘ஃபாரஸ்ட்’.

ஐஃபோன் பக்கம் போனால் கோகோலம்பர்ஜாக் இருக்கிறது. லம்பர்ஜாக் என்றால் மரம்வெட்டி. அங்கேயே ஸ்விஃப்டிபீவரும் உண்டு. பல்லால் மரத்தைக் கொறித்துச் சாய்க்கும் பீவர் என்ற விலங்கின் பெயர் அது. நோட்ஜேஎஸ் உலகில் பன்யன் என்ற நூலகத்துக்கு, அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் ராட்சத மரவெட்டி பால் பன்யனின் பெயர். பினோ என்று இன்னொன்று. இத்தாலிய மொழியிலும் ஸ்பானியத்திலும் பினோ என்றால் பைன் மரம். கைப்பேசிக்கும் காட்டுக்கும் என்ன உறவு? நிரலாளர்களின் சொல்விளையாட்டு என்று கடந்துபோய்விடலாம். ஆனால் அந்தப் பெயர்களை வைத்தவர்கள், ‘லாக்’ என்பது முதலில் ஒரு மரக்கட்டை என்பதை மறக்காதவர்கள். அந்தக் கட்டை வந்த வழியைத் தெரிந்துகொள்வது, ஒரு செயலியில் குழுவாகச் சேர்ந்து பதிவு எழுதத் தொடங்குகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆங்கிலத்தில் லாக் என்பது செதுக்காத, கனத்த மரத்துண்டு. அது எழுத்தோடு உறவு கொண்டது கடலில். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அறிய வேண்டும். வேகம் தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தோம், எங்கே நிற்கிறோம் என்று கணக்கிட முடியும். அதற்கு மாலுமிகள் கண்ட வழி, ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவது. இதை முதலில் அச்சில் விவரித்தவர் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்ட் ஊரைச் சேர்ந்த வில்லியம் போர்ன். அவருடைய கடலோடிகளுக்கான கையேடு 1574இல் வெளிவந்தது.

பிற்காலத்தில் அந்தக் கட்டை கால்வட்ட வடிவப் பலகையாயிற்று. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அதனால் அது நீரில் நிமிர்ந்து நின்று, எறிந்த இடத்தை விட்டு அசையாமல் இருக்கும். கப்பல் விலகிப் போகப் போகக் கயிறு அவிழும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். 28 நொடிக் கண்ணாடி மணற்கடிகை வைத்திருந்தால், முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி 47 அடி 3 அங்குலம். ஒரு மணி நேரத்தில் 28 நொடி எத்தனையில் ஒரு பங்கோ, ஒரு கடல் மைலில் 47 அடி 3 அங்குலமும் அத்தனையில் ஒரு பங்கு. எனவே மணல் தீரும் வரை கைவழியே ஓடிய முடிச்சுகளின் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற விடை. கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று சொல்வது இந்த முடிச்சால்தான்.

இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கயிற்று உருளையைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், மணற்கடிகையை ஏந்த ஒருவர், கட்டையை எறிந்து கயிற்றைக் கையால் உணர்ந்து எண்ண ஒருவர். கப்பல் கிளப்பும் நீர்ச்சுழலைக் கட்டை தாண்டும் வரைக்குமான கயிறு கணக்கில் சேராது. அந்த இடத்தில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். அது கையைக் கடக்கும்போது எறிந்தவர் ‘திருப்பு’ என்பார், கடிகைக்காரர் கவிழ்ப்பார். மணல் தீர்ந்ததும் அவர் ‘நிறுத்து’ என்று கத்துவார். மூவரில் ஒருவர் கவனம் தப்பினாலும் எண் பொய்யாகிவிடும். லாக் எடுப்பது பிறக்கும்போதே கூட்டுவேலையாகப் பிறந்தது.

எண் கிடைத்தால் போதாது, எழுத வேண்டும். கறுப்புச் சாயம் பூசிய இரட்டைப் பலகையில், புத்தகம்போல் மூடித் திறக்கும்படி கீல் வைத்து, சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். மணி, முடிச்சு, திசை, காற்று, குறிப்பு என்று பத்திகள் இருந்தன. அதற்குப் பெயர் லாக்-போர்டு. மழையிலும் இருளிலும் நின்றுகொண்டே எழுத வேண்டிய பலகை அது. நாளுக்கு ஒருமுறை, நண்பகலில், அதிலிருந்ததைக் காகிதப் புத்தகத்தில் பெயர்த்து எழுதிவிட்டுப் பலகையைத் துடைப்பார்கள். அந்தப் புத்தகம் லாக்-புக். காலப்போக்கில் ‘புக்’ உதிர்ந்து, எழுதப்பட்டதற்கே லாக் என்று பெயர் வந்தது. கடலில் மிதந்த கட்டை எழுத்தாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

கப்பலில் நாள் நண்பகலில் தொடங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கப்பல் பதிவில் ‘20ஆம் தேதி பிற்பகல்’ என்று இருந்தால், கரையில் இருப்பவர்களுக்கு அது 19ஆம் தேதி பிற்பகல். பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805இல்தான் கைவிட்டது. சென்னையில் ஒருவரும் டொரண்டோவில் ஒருவரும் வேலை செய்யும் குழுவில், கைப்பேசி காட்டும் உள்ளூர் நேரத்தை அப்படியே பதிவில் எழுதினால் இதே குழப்பம் வரும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய பாடம் காற்றில் இருக்கிறது. ஒரு அதிகாரி ‘நல்ல காற்று’ என்று எழுதுவதை இன்னொருவர் ‘பலத்த காற்று’ என்று எழுதுவார். பதிவேட்டைப் பிறகு படிக்கிறவருக்கு எது எதைவிடப் பலம் என்று தெரியாது. பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கடற்படை அதிகாரி 1806 ஜனவரியில் தன் சொந்தக் குறிப்பேட்டில் காற்றுக்கு எண் போடத் தொடங்கினார். பிறகு ஒவ்வொரு எண்ணையும், அந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்க முடியும் என்பதோடு கட்டினார். இதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது என்பேன். காற்று எப்படித் தோன்றியது என்று அவர் கேட்கவில்லை, அதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டார். 1838இல் பிரிட்டிஷ் கடற்படை 0 முதல் 12 வரையான அந்த அளவுகோலைத் தன் கப்பல் பதிவேடுகள் அனைத்துக்கும் விதியாக்கியது.

கணினிக்குள் சொல் வந்ததும் இதே தேவை மறுபடி எழுந்தது. பெர்க்லியில் எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காக சிஸ்லாக் எழுதினார். அதில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் கணினியே பயன்படுத்த முடியாத நிலை, 7 என்றால் பிழைதேடுகிறவருக்கு மட்டும். ஆண்ட்ராய்டு இதைச் சுருக்கி வெர்போஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்று வைத்துக்கொண்டது. ஒருபோதும் நடக்கவே கூடாதது நடந்துவிட்டால் எழுத இன்னொரு வழியும் உண்டு. அதற்கு ‘வாட் எ டெரிபிள் ஃபெயிலியர்’ என்பதன் மூன்று முதலெழுத்துகள் பெயர்.

படிகள் இருப்பதால் குழு ஒத்துப்போய்விட்டது என்று ஆகாது. ஒருவருக்கு எரர் என்று படுவது இன்னொருவருக்கு வார்ன். இணையம் துண்டித்த ஒவ்வொரு முறையும் ஒருவர் எரர் எழுதினால், ரயிலில் பயணிக்கும் பயனர் ஒவ்வொரு சுரங்கப்பாதையிலும் ஒரு பேரிடரைப் பதிவு செய்துகொண்டே போவார். உண்மையான பேரிடர் அந்தக் குவியலுக்குள் காணாமல் போகும். போஃபர்ட்டைப் போலக் கேட்டால் தெளிவு பிறக்கும். இந்த வரியைப் பார்த்ததும் யாராவது எழுந்து வேலை செய்ய வேண்டுமா? அப்படியானால் எரர். தவறு நேர்ந்தது, ஆனால் செயலி தானே சமாளித்துக்கொண்டதா? வார்ன். பயனர் எந்த வழியே வந்தார் என்று பிறகு புரிந்துகொள்ளத் தேவையா? இன்ஃபோ. மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்கு மட்டும் தேவையா? டீபக். இந்த நான்கு கேள்விகளையும் குழு சேர்ந்து பேசி, தன் சொந்தச் செயலியிலிருந்து எடுத்துக்காட்டுகளோடு எழுதி வைக்காத வரை, படிகள் வெறும் எழுத்துகள்தான்.

போகிற போக்கில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கணக்குப் பாடத்தில் வரும் ‘லாக்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட லாகரிதத்தின் வேர் கிரேக்கச் சொல். லாகின் மட்டும் நம் கட்டையின் நேர்வாரிசு: 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்தின் வழியே ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டபோது, வந்தவரின் பெயரையும் நேரத்தையும் பதிவில் ஏற்றும் கட்டளைக்கு அந்தப் பெயர் வந்தது. 1997இல் ஜோர்ன் பார்கர் வைத்த ‘வெப்லாக்’ என்ற பெயர் தேய்ந்து ‘பிளாக்’ ஆனதும் இதே வழிதான்.

கணினிக்கூடங்களிலும் ஆரம்பத்தில் காகித லாக்-புக்தான் இருந்தது. ஹார்வர்டு மார்க்-2 கணினியை இயக்கியவர்கள் 1947 செப்டம்பர் 9 அன்று அதன் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த விட்டில்பூச்சியை எடுத்து, பதிவேட்டுப் பக்கத்தில் ஒட்டி, ‘பக்’ என்று பிழைக்கும் பூச்சிக்கும் ஒரே சொல்லாக இருப்பதை வைத்து, பிழையாகிய பூச்சி நிஜமாகவே அகப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சிக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வரிக்கு முன்னால் 15:45 என்று நேரமும், எந்தப் பலகத்தில் எந்த ரிலே என்ற இடமும் எழுதப்பட்டிருந்தன என்பதுதான். எப்போது, எங்கே, என்ன: மூன்றும் இருந்ததால்தான் அந்த வரியை இன்றும் படிக்க முடிகிறது.

இனி கைப்பேசி. ஆண்ட்ராய்டில் செயலிகள் எழுதுவதைக் காட்டும் கருவியின் பெயர் லாக்கேட். இந்த ‘கேட்’ பூனையல்ல. கோப்புகளைக் கோத்துக் காட்டும் பழைய யூனிக்ஸ் கட்டளையின் பெயர், ‘கன்கேட்டனேட்’ என்பதன் சுருக்கம். லாக்கேட் படிப்பது வட்டமாகச் சுழலும் ஒரு நினைவிடத்தை. இடம் நிரம்பியதும் பழைய வரிகள் அழிந்து அவற்றின் மேல் புதியவை ஏறும். கப்பலின் சுண்ணக்கட்டிப் பலகையும் இதே இயல்புடையதுதான். நண்பகலில் புத்தகத்துக்குப் பெயர்க்காதது துடைபட்டுப் போகும். பயனரின் கைப்பேசியில் நேற்றிரவு நடந்த பிழை, இன்று காலை அவர் புகார் செய்யும்போது பலகையில் இருக்காது.

ஆகவே பலகையிலிருந்து எது புத்தகத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் குழுவின் முதன்மையான முடிவு. டிம்பரின் மரங்கள் இதற்காகத்தான். உருவாக்கும்போது ஒரு மரத்தை நட்டால் எல்லா வரியும் லாக்கேட்டில் தெரியும். எந்தக் கிளாஸிலிருந்து வந்தது என்பதையும் அது தானே கண்டுபிடித்து முத்திரையாக இடும். மக்களுக்கு வெளியிடும் பதிப்பில் வேறு மரத்தை நட்டு, வார்னும் எரரும் மட்டும் பிழைசேகரிப்புச் சேவையகத்துக்குப் போகும்படி செய்யலாம். எந்த மரமும் நடாவிட்டால் எதுவும் எழுதப்படாது. வெளியிட்ட பதிப்பில் ஒவ்வொரு முறை பதிவு எழுதும்போதும் ஒரு நாய்க்குட்டி உயிர்விடுகிறது, அதனால்தான் எந்த மரத்தையும் நாங்களாக நட்டுத் தரவில்லை என்று நூலகத்தின் அறிமுகக் குறிப்பு சொல்கிறது. விளையாட்டாகச் சொன்னாலும் சரியான இடத்தில் வைத்த பூட்டு அது. நூறு இடங்களில் ஆண்ட்ராய்டின் லாக்கை நேரே அழைத்துவிட்டு, வெளியீட்டுக்கு முதல் நாள் ஒவ்வொன்றாக அழிக்க உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

எழுதக் கூடாதவை எவை என்பதைக் கப்பல்காரர்களிடம் கற்க முடியாது. அது நம் காலத்துக் கவலை. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. காரணம் வெளியிலிருந்து வந்த தாக்குதல் அல்ல. கடவுச்சொல்லை மறைகுறியாக மாற்றும் வேலை முடிவதற்கு முன்பே அது உள்பதிவு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு 4.1 வந்த 2012 முதல் ஒரு செயலி இன்னொன்றின் பதிவைச் சாதாரணமாகப் படிக்க முடியாது. ஆப்பிளின் இப்போதைய பதிவு முறையில், ஓடும்போது உருவாகும் சொற்கள் இயல்பாக ‘பிரைவேட்’ என்று மறைக்கப்பட்டே தெரியும். வெளிப்படையாக வேண்டும் என்றால் எழுதுகிறவர் தெரிந்தே அனுமதிக்க வேண்டும். இந்தியாவில் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. சேவையகத்துக்குப் போய்ச் சேரும் தொலைபேசி எண்ணோ ஓடிபியோ அங்கே ஆறு மாதம் உட்கார்ந்திருக்கும் என்றால், அதை எழுதாமல் விடுவதுதான் ஒரே பாதுகாப்பு. நிரலைச் சரிபார்க்கும்போது பதிவு வரிகளையும் இன்னொருவர் நிறுத்திப் படிக்க வேண்டும்.

எழுதியவர் நினைத்தே பார்க்காத வாசகர்களும் வருவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் ஆயிரக்கணக்கான பதிவேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னைக் கடற்கரைக்கு வந்துபோன கப்பல்களும் அவற்றுள் உண்டு. வாணிகத்துக்காக எழுதிய அந்தக் காற்றுக் குறிப்புகளை இன்று காலநிலை ஆய்வாளர்கள் படிக்கிறார்கள்.

தமிழில் இதை என்ன சொல்வது? பேச்சில் ‘லாக் போடு’, ‘லாக்ல பாரு’ என்கிறோம். பூட்டுவதற்கான சொல்லும் தமிழ் எழுத்தில் ‘லாக்’தான். ‘ஸ்க்ரீன் லாக்’ என்று எழுதினால் திரையைப் பூட்டுவதா, திரையின் பதிவா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘பதிவு’ நல்ல சொல். மண்ணில் கால் பதிவதும் ஏட்டில் எழுத்து பதிவதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. லாகினுக்குத் தமிழ் விக்கிப்பீடியா வைத்த ‘புகுபதிகை’யில் அதே வேர் உயிரோடிருக்கிறது. ஆனால் பத்திரப்பதிவு, திருமணப்பதிவு, ஒலிப்பதிவு என்று அச்சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது.

கல்வெட்டு, செப்பேட்டுத் தமிழில் இன்னொரு வழக்கு இருந்தது: ‘வரியிலிடுதல்’, அதாவது கணக்கில் ஏற்றுதல். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் வாய்மொழியாகக் கொடுத்தான். லைடன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஏடுகள் அந்த ஆணை எழுத்தான விதத்தைப் படிப்படியாகச் சொல்கின்றன. திருமந்திர ஓலை எழுதினார். ஓலை நாயகங்கள் ஒப்பிட்டார்கள். வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்ற பொறுப்பாளர்கள் உடனிருக்கக் கணக்கில் ஏறியது. நாள், ஆணை, எழுதியவர், சரிபார்த்தவர் எல்லாம் பெயரோடு. தமிழில் ‘வரி’ என்பது இறையும்தான், எழுத்தின் ஒரு வரியும்தான். செயலி எழுதுவதும் வரிவரியாகத்தான். ‘வரியிலிடு’ என்ற வினை நம் குழுக்களின் பேச்சில் மறுபடி புழங்கத் தகுதியானது.

அப்படியானால் பதிவு வரிகளையே தமிழில் எழுதலாமா? ஆசை இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கிறது. லாக்கேட்டின் ஒரு பதிவு சுமார் 4,000 பைட்டோடு முடிந்துவிடும். அதைவிடத் தொல்லை தேடுவதில் இருக்கிறது. ‘கோப்பு’ என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடுபொறிக்கு இரண்டு. நிகழ்வின் பெயர் ரோமன் எழுத்தில் குறுகலாக, ஒருமுறை வைத்தால் மாறாததாக இருக்கட்டும். அந்தப் பெயர்களின் பட்டியலைக் குழு தமிழில் விளக்கி எழுதி, நிரலோடு சேர்த்தே வைத்திருக்கட்டும். ‘பேமென்ட் டைம்அவுட்’ என்பதற்கு நேரே, யார் பார்க்க வேண்டும், பணம் பிடிக்கப்பட்டதா என்று எங்கே சரிபார்க்க வேண்டும், பயனரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவான தமிழில் இருந்தால், இரவு 2 மணிக்கு அழைப்பு வந்து அதைத் திறக்கும் புதியவர், முன்பு எழுதியவரை எழுப்பாமலே வேலையைத் தொடங்கிவிடுவார்.